ஒரு மாச பேய் சந்தா: அக்டோபர் தேறுச்சா?

வருஷா வருஷம் இலையுதிர் காலம் வந்தா போதும், நோட்டும் பேனாவுமா உக்காந்து பேய்ப்பட லிஸ்ட் போடுவேன், மூணாவது படத்தோட அது ஊத்திக்கும். இந்த தடவையாச்சும் ஒழுங்கா செய்யலாம்னு திகில் படம் மட்டுமே வச்சிருக்கிற ஒரு ஓடிடில அக்டோபர் மாசத்துக்கு மட்டும் சந்தா கட்டுனேன். பேரு வேணாம், திட்டப்போறேன்ல.

ரூல் ஒன்னே ஒன்னுதான். புத்தகம் முதல்ல, படம் அப்புறம். கூட பார்க்க தங்கச்சி, அவ படிக்கமாட்டா, படத்துக்கு மட்டும் தலகாணியோட வந்துருவா.

முதல்ல நல்லதை சொல்லிடுறேன். பழைய படங்க நிஜமாவே நிறைய இருக்கு, அறுபதுகள்ல வந்த கருப்பு வெள்ளை, ஜப்பான் படம்னு மத்த ஓடிடில தேடி அலையுறது எல்லாம் ஒரே இடத்துல கிடைக்குது. ஆனா முகப்புல 'அக்டோபர் ஸ்பெஷல்'னு வச்சிருக்கான் பாருங்க, எல்லாம் ஏதோ ஒன்னோட நாலாம் பாகம் அஞ்சாம் பாகம், மொத பாகம் எங்கடான்னா இல்ல. எந்த படம் எந்த புத்தகத்துல இருந்து வந்துச்சுன்னு தேடவும் வழி கிடையாது, கடைசில என் நோட்டுதான் கைகுடுத்துச்சு.

முதல் வாரம் ஷெர்லி ஜாக்சன் 1959ல எழுதுன 'த ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்', அடுத்து ராபர்ட் வைஸ் அதை வச்சு 1963ல எடுத்த 'த ஹாண்டிங்'. அந்த படத்துல பேயை கடைசி வரைக்கும் காட்டவே மாட்டாங்க, எல்லாமே சத்தம்தான். ராத்திரி ரெண்டு பொண்ணுங்க ஒரே ரூம்ல ஒண்டிக்கிட்டு இருப்பாங்க, வெளிய நடைல டமார் டமார்னு என்னமோ செவுத்தை இடிச்சுக்கிட்டே கிட்ட வரும். நாங்க மூச்சை புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம், அப்போ கீழ சப்டைட்டில்ல 'இடிக்கும் சத்தம் நெருங்குகிறது'ன்னு எழுத்து வந்து நிக்குது, சத்தம் அதுக்கப்புறம்தான் வருது! தங்கச்சி தலகாணியை இறக்கிட்டு, "அக்கா, வர்றதுக்கு முன்னாடியே தகவல் சொல்லிட்டு வர்ற பேயை இப்பதான் பாக்குறேன்"ங்குறா. சிரிச்சதுல அந்த ராத்திரி போச்சு. காது கேக்காதவங்களுக்கு அந்த வரி கட்டாயம் வேணும், அதுல எனக்கு சண்டை இல்ல, ஆனா பேச்சுக்கு மட்டும் தனியா ஒரு சப்டைட்டில் குடுக்கலாம்ல, திகில் படம் மட்டுமே விக்கிறவனுக்கு இது கூடவா தோணாது.

அதை விட பெரிய கடுப்பு 'நோஸ்ஃபெராட்டு'. 1922ல வந்த மௌனப்படம், டிராகுலா கதையை அனுமதி வாங்காம பேரை மாத்தி எடுத்ததுன்னு அந்த நாவலை எழுதுன பிராம் ஸ்டோக்கரோட மனைவி கேஸ் போட்டு, பிரதி எல்லாத்தையும் அழிக்கணும்னு 1925ல தீர்ப்பே வந்துச்சு, எப்படியோ தப்பிச்சதைத்தான் இன்னைக்கு பாக்குறோம். அதுல ராத்திரி காட்சியையும் பகல் வெளிச்சத்துலதான் எடுத்தாங்க, அப்புறம் ஃபிலிமுக்கு நீலச் சாயம் ஏத்தி இருட்டுன்னு காமிச்சாங்க. இந்த ஓடிடில இருக்கிறது சாயம் இல்லாத வெளுத்த பிரதி. அதனால என்ன ஆகுதுன்னா, ரத்தக் காட்டேரி தன்னோட சவப்பெட்டியை கக்கத்துல இடுக்கிக்கிட்டு பட்டப்பகல்ல ஊருக்குள்ள நடந்து போறான், வீடு மாத்துறவன் மாதிரி. சூரிய வெளிச்சம் பட்டா காட்டேரி செத்துடும்ங்கிறதையே கொண்டு வந்த படம்ங்க அது! சாயத்தோட சரி பண்ண நல்ல பிரதி வெளிய இருக்கு, அதை தேடி பாருங்க, இதை தொடாதீங்க.

'த ஷைனிங்' இங்க இல்ல, அதனால என்கிட்ட இருந்த டிஸ்க்ல பார்த்தோம். 1977 புத்தகத்துல மிருகம் மாதிரி வெட்டி வச்ச செடிங்க நகரும், 1980 படத்துல அதுக்கு பதிலா செடியிலேயே ஒரு புதிர்ப்பாதை. எழுதுன ஸ்டீபன் கிங்குக்கே படம் பிடிக்கல, எனக்கு ரெண்டும் பிடிக்கும். 'நைட் ஆஃப் த லிவிங் டெட்'டுக்காக எல்லாம் இங்க காசு கட்டாதீங்க, 1968ல தலைப்பை மாத்தும்போது காப்புரிமை வரியை விட்டுட்டாங்க, அதனால படம் பொதுச்சொத்தாயிடுச்சு, எங்க தேடுனாலும் ஃப்ரீயா கிடைக்கும்.

இன்னொரு தலைவலி, இருட்டு. இருட்டு சீன் வந்தாலே கருப்பு எல்லாம் கட்டம் கட்டமா உடையுது, மூலையில நிக்கிறது பேயா கட்டமான்னு தெரியல. நெட் வேகம் நல்லாதான் இருந்துச்சு, இவங்க அனுப்புறதே அவ்ளோ கம்மி தரம்னு நினைக்கிறேன். படம் முடிஞ்சு பேர் ஓடுறப்போ அந்த பயம் அடங்க ரெண்டு நிமிஷம் வேணும்ல, அதுக்குள்ள அடுத்த படத்தை ஆரம்பிச்சுடுறான், அதை ஆஃப் பண்ற பட்டன் செட்டிங்ஸ்ல எங்கயோ புதைஞ்சு கிடக்கு.

இந்த சீசன்ல எனக்கு உருப்படியா அமைஞ்சது காசே இல்லாததுதான். 'டிராகுலா' முழுக்க டைரியும் கடிதமும், எல்லாத்துலயும் தேதி இருக்கும், மே 3ல ஆரம்பிக்குது, கதையோட கடைசி பகுதி பெரும்பாலும் அக்டோபர்லதான் நடக்குது, நவம்பர் முதல் வாரத்துல முடியுது. பழைய புத்தகம்ங்கிறதால மின்நூலா சட்டப்படியே இலவசம். முன்பகுதியை செப்டம்பர்ல படிச்சு முடிச்சிட்டு, அக்டோபர் 1ல இருந்து அந்தந்த தேதியை அந்தந்த ராத்திரி மட்டும் படிச்சேன். சில நாள் பத்து பக்கம், சில நாள் ரெண்டு மூணு வரி மட்டும், சில நாள் ஒன்னுமே இருக்காது. அந்த ஒன்னுமில்லாத ராத்திரிதாங்க பயமே, டிராகுலா தப்பிச்சு போற கப்பல் இப்போ எங்க இருக்குன்னு நமக்கே தெரியாது.

அஞ்சுக்கு ரெண்டரை. ஒரு மாசத்துக்கு எடுங்க, வருஷ சந்தா வேணவே வேணாம். என் சந்தா 31ஆம் தேதியோட முடிஞ்சுது, டிராகுலா நவம்பர் 6 வரைக்கும் உயிரோட இருந்தான்.