ஹெட் வேலை போதுமா, இன்ஜினை இறக்க வேண்டுமா?

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பழைய டீசல் இன்ஜின் உள்ள விசைப்படகுக்காரர்களுக்கு அப்போது வரும் குழப்பம் இது: இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை மட்டும் கழற்றிச் சரிசெய்தால் போதுமா, முழு இன்ஜினையும் இறக்கிப் பிரித்து வேலை பார்க்க வேண்டுமா?

புகை
கருப்பு: டீசலைத் தெளிக்கும் நாசில், ஏர் ஃபில்டர், புரொப்பெல்லரில் சுற்றிய வலை. இறக்க அவசரமில்லை.
நீலம்: ஆயில் எரிகிறது. ஹெட்டில் உள்ள வால்வு கைடாகவும் (வால்வு ஓடும் குழல்) இருக்கலாம், பிஸ்டனைச் சுற்றிய ரிங்காகவும் இருக்கலாம்.

எதுவென்று அறிய, சூடான இன்ஜினை ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திறந்து பாருங்கள். குப்குப்பென்று புகை அடித்தால் பெரும்பாலும் ரிங்கும் லைனரும் (சிலிண்டரின் உள்சுவர்) தேய்ந்திருக்கும். அப்புறம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் வால்வோ, ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட்டோ என்று ஹெட்டில் தொடங்கலாம். எல்லாமே குறைந்தால் இறக்குவதுதான் சரி.

ஆயில்
அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கேஸ்கெட் அல்லது ஆயில் கூலர் மாற்றினால் பெரும்பாலும் கசிவு நிற்கும். ஆனால் அந்த ஆயிலோடு கடலில் ஓட்டியிருந்தால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் மூட விடாதீர்கள். கிராங்கில் விரல் நகம் தட்டும் கோடு இருந்தால் அதைத் தேய்த்துச் சரிசெய்ய லேத் பட்டறைக்குப் போயாக வேண்டும்.

செலவு
ஹெட்: குறைவு, சில நாள் வேலை.
முழு வேலை: பல மடங்கு, வாரக்கணக்கு.

ஆயில் பிரஷர் நன்றாக இருந்து, ஒரு சிலிண்டர் மட்டும் தகராறு செய்தால் பெரும்பாலும் ஹெட் வேலை போதும். பிரஷர் விழுந்து, தினமும் ஆயில் ஊற்றும் இன்ஜினைத் தடைக்காலத்திலேயே இறக்கிவிடுங்கள். நடுக்கடலில் அது நின்றால் ஆட்களின் உயிர்தான் பணயம்.