மல்கோவாவா, இமாம்பசந்தா?

மே மாதம் வந்துவிட்டால் காலை ஆறு மணிக்கே சேலம் சூரமங்கலம் உழவர் சந்தைக்குக் கிளம்பிவிடுவேன். காய்கறி வெறும் சாக்குதான், மாம்பழம்தான் காரணம்.

மல்கோவா பந்து மாதிரி உருண்டை. ஒரு பழமே அரைக் கிலோகூட வரும். தோல் தடிமன், கொட்டை சின்னது, நார் கிடையாது. துண்டு போட்டால் நாலு பேருக்கு ஒன்று போதும்.

இமாம்பசந்து அப்படியில்லை. பழுத்த பிறகும் தோலில் பச்சை போகாது. காய் என்று நினைத்து நான் ஒதுக்கிய பழத்தையே எடுத்து, "காம்புகிட்ட மோந்து பாருங்க தம்பி" என்று நீட்டினார் கடைக்கார அக்கா. அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம் இது. சதை வெண்ணெய்; இனிப்போடு லேசாக ஒரு புளிப்பு, அதுதான் திகட்டவிடாது. ஆனால் வரத்து சில வாரம்தான், விலையும் கூட. தோல் மெலிசு, பையின் அடியில் போட்டால் கூழ்தான்.

விருந்தாளிக்கு வெட்டி வைக்கவும் ஜூஸ் போடவும் மல்கோவா வாங்குவேன். எனக்கென்றால் இமாம்பசந்து. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழமோ என்ற பயம் இருந்தால், எதுவானாலும் முற்றிய காயாக வாங்கி வைக்கோலில் போட்டு வையுங்கள். நாலைந்து நாளில் வாசனையே கூப்பிடும்.