ஆறு வருடம் எங்களோடு ஓடிய முட்டை வண்டி

வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆறு வருடமாக நின்றிருந்த டியர்டிராப் டிரெய்லரைப் போன ஜூலையில் விற்றுவிட்டோம். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். புதுக் கட்டடத்தில் வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தத்தான் இடம். அது ஒன்றுதான் காரணம். இல்லாவிட்டால் நான் விற்றிருக்க மாட்டேன்.

முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து இறங்கும், காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் சின்னப் படுக்கை வண்டி அது. அமெரிக்காவில் 1930களிலேயே வீட்டுப் பட்டறைகளில் இப்படிக் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. பின்கதவைத் தூக்கினால் அடுப்பங்கரை. எங்கள் தெருப் பிள்ளைகள் முதல் நாளே 'முட்டை வண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதுவே நிலைத்தது.

கட்டியது அப்பா. ஐசிஎஃபில் 34 வருடம் ரயில் பெட்டிக்கு உள்வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான் அளவெடுக்கவும் பிடித்துக்கொள்ளவும் நின்றேன். 8 அடி நீளம், 5 அடி அகலம். பக்கச் சுவருக்கு 12 மில்லிமீட்டர் மரைன் பிளை (ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகை), வளைந்த கூரைக்கு வளையக்கூடிய ஃப்ளெக்ஸி பிளை இரண்டு அடுக்கு, நடுவில் 25 மில்லிமீட்டர் நுரைப்பலகை, மேலே அலுமினியத் தகடு. சக்கரம் பொருத்திய அடிச்சட்டமான சேசிஸை மட்டும் டிரெய்லர் கட்டும் பட்டறையில் செய்து வாங்கினோம். அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன். சாமான்களோடு மொத்த எடை 480 கிலோ. பொருள் செலவு 3,85,000 ரூபாய். அப்பாவின் 11 மாத உழைப்புக்கு விலை போடவில்லை.

முதலில் மழை. எல்லோரும் கூரை ஒழுகுமா என்றுதான் கேட்பார்கள். கூரை ஒரு சொட்டுகூட விடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது பின்கதவின் கீல் வழியாகத் தண்ணீர் வந்தது. சென்னையில் புயல் மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் அடிக்கும். கீலுக்கு அடியில் இருந்த ரப்பர் பட்டை வெயிலில் காய்ந்து வெடித்துப்போயிருந்தது. அடுப்பங்கரைத் தட்டில் இரண்டு விரல்கடை தண்ணீர் நின்றிருக்க வேண்டியது. நிற்கவில்லை. கட்டும்போதே அப்பா மூலைக்கு ஒன்றாக வடிகால் துளை போட்டிருந்தார். "தண்ணி வரவே கூடாதுன்னு கட்ட முடியாதும்மா. வந்தா வெளியே போக வழி இருக்கணும்" என்று அப்போது சொன்னார். அந்தத் துளைகள் அசிங்கமாக இருக்கிறது என்று அவரோடு நான் சண்டை போட்டிருந்தேன். புயலுக்குப் பிறகு கீலின்மேல் தகட்டை ஓர் அங்குலம் நீட்டி மடித்துவிட்டோம். அதற்குப் பிறகு ஒழுகவில்லை.

மழையைவிட மோசமானது நம் ஊர்க் காற்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) இரண்டு இரவு தங்கி வந்தால் திருகாணித் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். முதல் வருடமே 140 திருகாணிகளையும் கழற்றி, உப்பை நன்றாகத் தாங்கும் 316 தர எவர்சில்வர் திருகாணிகளை நைலான் வாஷரோடு போட்டோம். வாஷர் இல்லாமல் எவர்சில்வர் மட்டும் போட்டாலும் இதே கதைதான். கட்டுகிறவர்கள் முதலிலேயே இதைச் செய்துவிடுங்கள். மூன்று நாள் வேலை மிச்சம்.

உள்ளே ஈரம் இன்னொரு தொல்லை. இரண்டு பேர் இரவு முழுக்க மூச்சுவிட்டால் அது மெத்தைக்கு அடியில் போய்த் தங்குகிறது. ஏலகிரியில் ஒரு டிசம்பர் காலையில் மெத்தையைத் தூக்கியபோது பிளைமேல் கறுப்பாகப் பூசணம். மெத்தைக்குக் கீழே மரச்சட்டம் அடித்து, தென்னைநார் விரிப்புப் போட்டு, கூரையில் 12 வோல்ட் மின்விசிறி வைத்தபிறகுதான் நின்றது.

இனி நான் பயந்த ஒரே நாள். வண்டியின் முன்நீட்டத்தில், கொக்கிக்குப் பக்கத்தில், 30 கிலோ எடையுள்ள சாதாரண பேட்டரி இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு 12 கிலோ லித்தியம் பேட்டரி வைத்தோம். எடை குறைந்தது நல்லதுதானே என்று நினைத்தேன். அடுத்த பயணம் தரங்கம்பாடிக்கு. மரக்காணம் தாண்டி 75 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு பேருந்து முந்தியது. அதன் காற்று பட்டதும் டிரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாக வந்தது. "பிரேக்க மிதிக்காத, ஆக்சிலேட்டர விடு" என்று அப்பா பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் சொன்னார். விட்டேன். வேகம் 50க்கு இறங்கியதும் ஆட்டம் அடங்கியது.

சாலையோரம் நிறுத்தி யோசித்தோம். கொக்கிமேல் இறங்கும் எடை, மொத்த எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. எங்களுக்கு அது 48 கிலோ இருந்தது. முன்னால் 18 கிலோவை எடுத்துவிட்டோம். போதாததற்குப் பின்னால் அடுப்பங்கரையில் கூடுதலாக ஓர் எரிவாயு சிலிண்டர். சக்கர அச்சுக்குப் பின்னால் ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் முன்பக்கத்தைத் தூக்கும். ஊருக்குத் திரும்பிக் குளியலறைத் தராசைக் கட்டைமேல் வைத்து அளந்தால் 26 கிலோதான் காட்டியது. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டை முன்பெட்டிக்கு மாற்றி, சிலிண்டரை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்து, சரிசெய்தோம். அன்றிலிருந்து தண்ணீர் தீர்ந்தால் முதலில் நிரப்புவது அந்தக் கேன்களைத்தான். டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. அதனால் 70ஐத் தாண்டுவதையும் விட்டுவிட்டேன்.

சக்கர பேரிங்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். திண்டிவனம் அருகே ஒருமுறை கிரீஸ் வற்றி, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் தொட முடியாத சூட்டில் இருந்தது. பிறகு தேநீருக்கு நிறுத்தும் இடத்திலெல்லாம் ஹப்மேல் கை வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. 'சூடு இருக்கா?' என்று அம்மாவும் கேட்பாள். டிரெய்லரை இழுக்கும்போது காரின் மைலேஜ் லிட்டருக்கு 14 கிலோமீட்டரிலிருந்து பதினொன்றரைக்கு இறங்கியது. மலைக்கு ஏலகிரி போதும். 14 கொண்டை ஊசி வளைவையும் சுலபமாக ஏறியது. குட்டை டிரெய்லர் என்பதால் பின்னால் எடுப்பதுதான் கஷ்டம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினாலே மடங்கிக்கொள்ளும்.

இத்தனைக்கும் அந்த அடுப்பங்கரைக்காக இன்னொரு முறை கட்டச் சொன்னாலும் கட்டுவேன். தூக்கிய கதவே பந்தல். பழவேற்காட்டில் விடியற்காலையில், தூரத்தில் பூநாரைகள் நிற்க, அம்மா இட்லி ஊற்றியது அந்தத் தட்டில்தான். ஆனால் அம்மா காலமெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது வேறொன்று. 2021 மே மாதம் அவளுக்குக் கொரோனா வந்தபோது, அப்பா 14 நாள் வாசலில் அந்த வண்டிக்குள் படுத்தார். பகலில் உள்ளே இருக்க முடியாது, அனல். இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டு கதவையும் வலையோடு திறந்துவைத்து விசிறியைப் போட்டால் தூங்கலாம். ஜன்னல் வழியாக அம்மாவைப் பார்த்துப் பேசிக்கொண்டே தூங்கிவிடுவார்.

விற்பது கட்டியதைவிட எளிதாக இல்லை. கேட்டவர்களில் பாதிப்பேர் டிபன் கடையாக மாற்றலாமா என்றார்கள். அது நியாயமான ஆசைதான், ஆனால் நாள் முழுக்க அடுப்பெரிய அந்தப் பிளைச் சுவர் தாங்காது என்று சொல்லிவிட்டேன். மற்றவர்களின் முதல் கேள்வி, "ஆர்சி இருக்கா?" பதிவுச் சான்றிதழைத்தான் கேட்டார்கள். இங்கேதான் சேசிஸைப் பட்டறையில் வாங்கியது கை கொடுத்தது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு வாகனம், பதிவில்லாமல் ஓட்டக் கூடாது. பட்டறையில் செய்த சேசிஸ் என்பதால் எங்களுடையதற்குத் தனி எண்ணும் காப்பீடும் இருந்தன. அவை இல்லாமல் எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் வாங்காதீர்கள்.

வாங்கியது மேடவாக்கத்திலிருந்து வந்த ஆசிரியத் தம்பதி. அவர்கள் முன்னாலேயே கீல்மேல் 20 நிமிடம் ஹோஸால் தண்ணீர் அடித்துக் காட்டினேன். மெத்தையைத் தூக்கிப் பழைய கறுப்புக் கறையைக் காட்டினேன். தரங்கம்பாடி போன கதையை முழுக்கச் சொன்னேன். அந்தப் பெண், "அக்கா, இதையெல்லாம் சொன்னா விலை குறையாதா?" என்றாள். குறையட்டும் என்றுதான் சொன்னேன். அவள் கணவர் அதை ஓட்டப் போகிறார், அவளும் பக்கத்தில் உட்காரப் போகிறாள். அப்பா அவரை எங்கள் தெருவில் மூன்று முறை பின்னால் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது. 2,40,000 ரூபாய்க்கு முடித்தோம். உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டு, 14 நாள் கெடுவுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவித்து, காப்பீட்டையும் அவர்கள் பெயருக்கு மாற்றினோம்.

அப்பா ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தனுப்பினார். எந்தத் தேதியில் கிரீஸ் வைத்தது, எந்தத் திருகாணி எந்த அளவு, எல்லாம் அவர் கையெழுத்தில். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் தம்பி ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து போன் செய்தார். பின்கதவில் ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறதாம், உபரி எங்கே என்று கேட்டார். அப்பா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார்.

"அடுப்புக்கு வலது பக்கம் கைய விட்டுப் பாருங்க தம்பி. பெருங்காய டப்பா ஒண்ணு இருக்கும். அதுல எட்டு கிடக்கு. வாஷரையும் மறக்காம போடுங்க."