செயலியா, இளையோர் குழுவா? பதின்பருவத்தினரை அருங்காட்சியகம் எப்படி ஈர்க்கும்

அருங்காட்சியகத்துக்குச் சின்னப் பிள்ளைகள் பெற்றோருடன் வருவார்கள், பெரியவர்கள் தாமாக வருவார்கள். நடுவில் இருக்கும் 13 முதல் 19 வயதுக்காரர்கள் பெரும்பாலும் பள்ளி அழைத்துவந்தால்தான் வருகிறார்கள். கூட்டமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இவர்களைத் தாமாகத் திரும்பி வரவைக்க அருங்காட்சியகங்கள் செய்யும் முயற்சிகள் பெரும்பாலும் இரண்டு பக்கமாகப் பிரிகின்றன. ஒரு பக்கம் செயலி, தொடுதிரை, ஆக்மென்டட் ரியாலிட்டி (கேமராவில் தெரியும் காட்சியின்மேல் கணினிப் படத்தை ஏற்றிக் காட்டுவது), கணினி விளையாட்டு. மறுபக்கம், பிள்ளைகளையே ஒரு குழுவாகச் சேர்த்து மாதக்கணக்கில் வேலை செய்யவிடுவது.

பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் குழுவுக்கே கொடுங்கள் என்பது என் முடிவு. ஆனால் தொழில்நுட்பத்தின் பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. அதை முதலில் பார்த்துவிடலாம்.

கண்ணால் பார்க்க முடியாததைக் காட்டுவதில் தொழில்நுட்பத்துக்கு ஈடே இல்லை. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் எலும்புக்கூடு அரங்கு மிகப் பழையது. 2015ல் அதற்கென ஒரு செயலி வந்தது. போனை எலும்புக்கூட்டின் பக்கம் திருப்பினால் திரையில் அதன்மேல் தசையும் தோலும் ஏறும், விலங்கு அசையும். காட்சிப்பொருளைத் தொடாமல், பெட்டியைத் திறக்காமல், நூறு வரி விளக்கப் பலகை செய்யாத வேலையை அது சில நொடிகளில் செய்துவிடுகிறது. நியூயார்க்கின் கூப்பர் ஹியூவிட் வடிவமைப்பு அருங்காட்சியகம் இதே 2015ல் பார்வையாளர்களிடம் ஒரு மின்னணுப் பேனாவைக் கொடுத்தது. பிடித்த பொருளின் விளக்க அட்டையில் பேனாவை வைத்தால் அந்தப் பொருள் சேமிக்கப்பட்டது, வீட்டுக்குப் போய் இணையத்தில் மறுபடி பார்க்க முடிந்தது. வந்துபோனவருக்கும் பொருளுக்கும் இடையிலான தொடர்பு வாசலோடு அறுந்துவிடாமல் இருக்க இது நல்ல வழி.

இன்னொரு பலம் எண்ணிக்கை. ஒரு செயலியை ஆயிரக்கணக்கானவர்கள் பயன்படுத்தலாம். எந்தக் குழுவாலும் அவ்வளவு பேரை உள்ளே சேர்த்துக்கொள்ள முடியாது.

சரி, சிக்கல் எங்கே? பதின்பருவத்தினரின் போனில் ஏற்கெனவே பெரிய நிறுவனங்கள் பெரும்பணம் போட்டுச் செய்த விளையாட்டுகள் இருக்கின்றன. அவற்றோடு போட்டி போட அருங்காட்சியகத்தால் முடியாது, போட்டி போடவும் வேண்டியதில்லை. ஒரே ஒரு முறை பயன்படுத்தப்போகும் செயலியைத் தரவிறக்கம் செய்யச் சொல்வதே ஒரு தடை. அப்புறம் பராமரிப்பு. போனின் இயங்குதளம் மாறிக்கொண்டே இருக்கும், செயலியையும் கூடவே திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கவிழாவுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் நான்காம் ஆண்டுத் திருத்தத்துக்குக் கொடுப்பது அரிது.

கூட்டம் வந்துவிட்டால் ஈடுபாடு வந்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. 2016 ஜூலையில், நிஜ இடங்களில் நடந்துபோய்ப் போன் திரையில் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் போக்கிமான் கோ விளையாட்டு வெளியானபோது அந்த விளையாட்டுக்காகப் பலர் அருங்காட்சியகங்களுக்குள்ளும் வந்தார்கள். நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்ததை நினைவுகூரும் அமெரிக்க ஹோலோகாஸ்ட் நினைவு அருங்காட்சியகம், இங்கே விளையாடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வந்தவர்களைக் குற்றம் சொல்வதற்கில்லை. அந்த விளையாட்டுக்கு அது எந்த இடம் என்பது ஒரு பொருட்டே இல்லை, அவ்வளவுதான்.

ஒரே கருவியை இரண்டு விதமாகக் கையாண்டதற்கு 2014ல் லண்டன் நல்ல உதாரணம் தந்தது. டேட் கலை அருங்காட்சியகம், தன் ஓவியங்களை வைத்து, கட்டிகளை அடுக்கி உலகம் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் சில உலகங்களை வெளியிட்டது. அந்த விளையாட்டில் தேர்ந்த வடிவமைப்பாளர்கள் அவற்றைக் கட்டினார்கள், பிள்ளைகள் உள்ளே போய்ச் சுற்றினார்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் மியூசியம், எங்கள் கட்டடத்தையும் உள்ளிருக்கும் பொருட்களையும் மைன்கிராஃப்டில் கட்ட நீங்களே வாருங்கள் என்று பொதுமக்களை அழைத்தது. முதலாவது பார்க்க அழகாக இருக்கும். இரண்டாவதில் தரம் ஏறி இறங்கும். ஆனால் ஒரு தூணைக் கட்ட உட்காருகிறவர் அது எத்தனை அடி, மேலே என்ன வேலைப்பாடு, பக்கத்துத் தூணுக்கு எவ்வளவு தூரம் என்றெல்லாம் பார்த்தே ஆக வேண்டும். கற்றல் நடப்பது அந்தப் பார்வையில்தான். எனவே எந்த முயற்சியை எடைபோட்டாலும் நான் முதலில் கேட்பது, பிள்ளை இதில் எதைத் தீர்மானிக்கிறது என்பதைத்தான்.

இந்தக் கேள்விக்கு இளையோர் குழு தெளிவாகப் பதில் சொல்கிறது. மினியாபோலிஸில் உள்ள வாக்கர் கலை மையம் 1996ல் தன் பதின்பருவக் கலைக் குழுவைத் தொடங்கியது. ஹூஸ்டனின் தற்காலக் கலை அருங்காட்சியகம் 1999ல் தன் குழுவைத் தொடங்கியது. இப்படிப்பட்ட குழுக்களில் பிள்ளைகள் தொடர்ந்து கூடுகிறார்கள், கலைஞர்களையும், அருங்காட்சியகப் பொருட்களுக்கும் கண்காட்சிகளுக்கும் பொறுப்பான காப்பாளர்களையும் சந்திக்கிறார்கள், தங்கள் வயதினருக்கான நிகழ்ச்சிகளையும் கண்காட்சிகளையும் தாங்களே திட்டமிட்டு நடத்துகிறார்கள். இந்த இரண்டு இடங்களும், நியூயார்க்கின் விட்னி, லாஸ் ஏஞ்சலஸின் மோகா ஆகிய கலை அருங்காட்சியகங்களும் சேர்ந்து, தங்கள் பழைய உறுப்பினர்களை வளர்ந்தபின் தேடிப்பிடித்து விசாரித்து 2015ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. தன்னம்பிக்கை, கலையோடு நீடித்த உறவு, அருங்காட்சியகத்தைத் தன் இடமாக நினைப்பது ஆகியவை பல ஆண்டுகள் கழித்தும் தங்கியிருப்பதாக அது சொன்னது. அதில் ஒரு பலவீனமும் உண்டு. குழுவில் சேர முன்வருகிறவர்கள் ஏற்கெனவே ஓரளவு ஆர்வம் உள்ளவர்கள், பிற்காலத்தில் பதில் சொல்ல முன்வருகிறவர்கள் குழுவைப் பற்றி இனிய நினைவுகள் உள்ளவர்கள். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு செயலியைப் பற்றி இருபது ஆண்டு கழித்து யாராவது இப்படிப் பேசுவார்களா என்ற கேள்வி எனக்குப் பெரிதாகவே தெரிகிறது.

இதைவிடப் பழைய முன்மாதிரியும் இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரட்டோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகம் 1969ல் தொடங்கிய காலத்திலிருந்தே உயர்நிலைப் பள்ளி மாணவர்களைச் சம்பளத்துக்கு எடுத்து, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லும் வேலையைக் கொடுத்தது. அந்தச் சம்பளம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. பள்ளி முடிந்து வேலைக்குப் போக வேண்டிய நிலையில் உள்ள பிள்ளைக்கு, ஊதியமில்லாத குழு மூடிய கதவுதான். பயணச்செலவும் சாப்பாடும்கூட இல்லையென்றால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுவார்கள்.

குழுவின் குறைகள் சிறியவை என்று நான் சொல்லமாட்டேன். ஓர் ஆண்டில் பத்து, இருபது பேருக்குத்தான் இடம். பெரும்பாலும் எல்லாம் ஒரே ஓர் ஊழியரின் தோளில் நிற்கிறது, அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகளும் கலைந்துவிடுவார்கள். தேர்வுக்காலத்தில் கூட்டம் நடக்காது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் என்பதால் பெற்றோர் ஒப்புதல், பாதுகாப்பு விதிகள், படம் எடுக்க அனுமதி என்று கவனிக்க நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும்விட மோசமானது பெயரளவுக் குழு. கருத்துக் கேட்டுவிட்டு எதையும் மாற்றாமல் விடுவதும், பிள்ளைகள் எழுதிய விளக்க அட்டையைக் காப்பாளர் சத்தமில்லாமல் திருத்தி எழுதிவிடுவதும் நடக்கும். பதின்பருவத்தினர் இதை முதல் முறையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள், அதன்பின் வரமாட்டார்கள். அப்படி ஒரு குழு வைப்பதைவிடப் பேசாமல் செயலியே செய்துவிடலாம்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது டிஜிட்டல் கூடம். வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகம் ஆர்ட்லேப் என்ற பெயரில் ஒன்றை நடத்தியிருக்கிறது. பள்ளி முடிந்ததும் இலவசமாக உள்ளே வரலாம், வீடியோ, இசை, முப்பரிமாண வடிவமைப்பு எல்லாம் கலைஞர்களின் துணையோடு செய்து பார்க்கலாம். 2009ல் சிகாகோ பொது நூலகத்தில் தொடங்கிய யூமீடியா என்ற இளையோர் கூடத்தை முன்மாதிரியாக வைத்து அமெரிக்காவில் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இப்படிப்பட்ட 24 கூடங்களுக்கு நிதி கிடைத்தது. இளையோர் டிஜிட்டல் ஊடகங்களை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்ந்த மிசுகோ இட்டோவின் ஆய்வுக்குழு சொன்ன மூன்று நிலைகள் இதற்கு அடிப்படை: சும்மா வந்து உட்கார்ந்திருப்பது, நோண்டிப் பார்ப்பது, ஒன்றில் மூழ்கிவிடுவது. முதல் நிலைக்கும் மதிப்புக் கொடுத்ததுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். குழுவுக்கு விண்ணப்பம் எழுதத் தயங்கும் பிள்ளை, நண்பனோடு சும்மா வந்து உட்காரும். கருவிகளின் விலையும் பயிற்றுநர்களின் சம்பளமும் சேரும்போது மூன்றிலும் செலவு அதிகம் பிடிப்பது இதுவாகத்தான் இருக்கும்.

ஒரு நாள் மட்டும் நிர்வாகத்தைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் நிகழ்ச்சிகள் தொடக்கத்துக்கு நல்லவை. மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டால் பயனில்லை. சமூக வலைதளக் கணக்குகள் அருங்காட்சியகத்தின் பெயரைப் பரப்பும், அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆக, யாருக்கு எது? பெரிய அருங்காட்சியகம், ஏற்கெனவே நிலையான குழு இருக்கிறது என்றால் அடுத்த செயலிக்கான பணத்தை அந்தக் குழுவிடமே கொடுக்கலாம். எந்த அரங்குக்கு, எந்தப் பொருளுக்கு என்று அவர்கள் தேர்ந்தெடுக்கட்டும், சோதித்துப் பார்க்கட்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருக்கட்டும். சிறிய அருங்காட்சியகத்துக்குத் தனிச் செயலியே தேவையில்லை. பிள்ளைகளின் போன் கேமராவும் இலவசமாகக் கிடைக்கும் ஒலி, படத் தொகுப்பு மென்பொருளும் போதும். ஸ்மித்சோனியன் 2020ல் 28 லட்சம் படங்களையும் முப்பரிமாண மாதிரிகளையும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பழக அவையே தாராளம்.

அந்தச் சிறிய அருங்காட்சியகம் முதல் கூட்டத்துக்கு முன் நான்கு விஷயங்களை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்: பிள்ளைகள் முடிவெடுக்கக்கூடியவை எவை, எவற்றில் கைவைக்க முடியாது, அவர்கள் செலவழிக்க எவ்வளவு பணம், அவர்கள் செய்தது பொதுமக்கள் முன் வரும் தேதி எது. இந்த நான்கையும் முதல் நாளே பிள்ளைகளிடம் படித்துக் காட்டிவிட வேண்டும்.