புது வண்டி மக்கர் செய்தால்: ஷோரூமா, 1915-ஆ, ஆணையமா, போலீஸா?

கார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது, இரண்டாவது கியர் விழ மாட்டேன் என்கிறது. இல்லாவிட்டால், புது மின் ஸ்கூட்டர் மேம்பாலத்தில் பாதி ஏறியதும் நின்றுபோகிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போங்க மாப்பிள்ளை" என்பார் மாமனார். வீடியோ எடுத்துப் போடச் சொல்வான் மைத்துனன். ஸ்டேஷனில் ஒரு புகார் கொடுத்தால் ஷோரூம்காரர் தன்னால் ஓடி வருவார் என்பார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாமே வழிகள்தான். ஆனால் எங்கே போனால் எது கிடைக்கும் என்பது வழிக்கு வழி மாறும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மாநிலங்களில், நியாயமான அளவு முயன்றும் கோளாறு தீரவில்லை என்றால் வண்டியை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ தனிச் சட்டமே உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. "மூணு தடவை சர்வீசுக்கு விட்டாச்சு, புது வண்டி குடுங்க" என்று ஷோரூமில் சண்டை போடுகிறவர்கள் நிறைய. அந்த மூன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இங்கே நமக்கு இருப்பவை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாரண்டி புத்தகம், சில உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள். ஆகவே கோளாறு சரியானால் போதுமா, வேறு வண்டி வேண்டுமா, பணமே திரும்ப வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சர்வீஸ் சென்டர்

கோளாறு தீர்ந்தால் போதும் என்பவருக்கு இதைவிட வேகமான வழி இல்லை. வாரண்டி இருக்கும்வரை கைக்காசும் போகாது. சிக்கல் என்னவென்றால், கோளாறைப் பதிவு செய்யும் வேலை எதிராளியின் கையில் இருக்கிறது. "ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஆஃப் ஆகிறது" என்று நாம் சொல்வோம். சர்வீஸ் அட்வைசர் "ஜெனரல் செக்கப்" என்று தட்டிக்கொள்வார். சாயங்காலம் வண்டி எடுக்கப் போனால் "டெஸ்ட் டிரைவ் ஓகே" என்று ஒரு வரி இருக்கும்; அதற்குக் கீழே, வேலை திருப்தி என்று அச்சடித்த இடத்தில் நம் கையெழுத்து. இப்படி நாலு ஜாப் கார்டு (புகாரையும் செய்த வேலையையும் எழுதும் சர்வீஸ் தாள்) சேர்ந்தால் போதும். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் அதையே எடுத்து வைத்து, நான்கு முறையும் வாடிக்கையாளரே திருப்தி என்று எழுதிக் கொடுத்திருக்கிறாரே என்பார்.

அதனால் ஜாப் கார்டில் புகாரை நம் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அங்கேயே நின்றுகொண்டு அதே வரிகளை அவர்களின் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். வண்டி உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, இரண்டு நேரத்திலும் ஓடோமீட்டரில் இருந்த கிலோமீட்டர், மாற்றிய பாகத்தின் பெயர் எல்லாம் கார்டில் வர வேண்டும். கையெழுத்துக்கு மேலே "ஓட்டிப் பார்த்த பிறகே சொல்ல முடியும்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போடலாம். கோளாறு வரும்போது டாஷ்போர்டு விளக்கும் தெரியும்படி ஒரு வீடியோ. பிறகு எந்த வழிக்குப் போனாலும் கை கொடுக்கப்போவது இவைதான். வக்கீலைப் பிடிப்பதற்கு முன்னால் பலர் கோட்டைவிடுவதும் இங்கேதான்.

1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம், செலவில்லை. புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. "வாரண்டி விதிகளின்படி சரிசெய்து கொடுத்துவிட்டோம்" என்று நிறுவனம் பதில் அனுப்பினால் புகார் அநேகமாக அதோடு மூடப்படும். ஆனாலும் பேசிவிடுவது நல்லது. டீலரின் மேசையிலேயே தூங்கும் புகார் நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்குப் போகும். நாம் எழுத்தில் கேட்டோம் என்பதற்கு ஒரு புகார் எண்ணும் கிடைக்கும்.

நிறையப் பேர் புகார் செய்தால் அதற்குத் தனி வலு உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் பற்றி 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரை இந்த உதவி எண்ணில் 10,644 புகார்கள் சேர்ந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலான புகார்களைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. ஆனால் அந்த நோட்டீசால் தனி ஒருவரின் பணம் அவர் கைக்குத் திரும்பிவிடாது.

ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் வழியும் ஏறக்குறைய இப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுப்படி, ஒரே மாடலில் ஒரே பாதுகாப்புக் குறை குறிப்பிட்ட அளவுக்கு மேல் வந்தால் அரசே திரும்ப அழைக்கச் சொல்லலாம். ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கு 2021 ஏப்ரல் முதல் இதற்கான விதிகள் உண்டு. புகாரைப் பதிவு செய்துவையுங்கள். ஆனால் உங்கள் ஒரு வண்டிக்காக அது நகராது.

போலீஸ்

கோபத்தில் முதலில் தோன்றும் வழி இது. பெரும்பாலும் பலன் தராததும் இதுதான். கோளாறான வண்டியை விற்றாலே அது மோசடி ஆகிவிடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். 2009 செப்டம்பரில் ஹைதராபாத் நிறுவனம் ஒன்று வாங்கிய பிஎம்டபிள்யூ கார் சில நாளிலேயே மக்கர் செய்தது. நவம்பரில் மோசடி என்று போலீசில் புகார். 2012-ல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்துவிட்டு, புது வண்டி கொடுக்கும்படி சொன்னது. பிஎம்டபிள்யூ தரத் தயார் என்றது. வாங்கியவர் வண்டி வேண்டாம், பணம்தான் வேண்டும் என்றார். கடைசியில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் கொடுத்து முடித்துக்கொள்ளச் சொன்னது. பதினைந்து வருடம்! மாத தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது கட்டுப்படியாகாது. பழைய வண்டியைப் புதிது என்று விற்றார்கள், ஆவணத்தைத் திருத்தினார்கள் என்றால் மட்டும் ஸ்டேஷனுக்குப் போவதில் அர்த்தம் உண்டு.

கழுதை கட்டிக் காரை இழுக்கும் வீடியோக்களும் ஏறக்குறைய இந்த ரகம்தான். வேகமாகப் பதில் வரும், மறுக்க முடியாது. ஆனால் நிரூபிக்க முடியாத வார்த்தை ஒன்று நழுவினால் அவதூறு நோட்டீஸ் நம் வாசலுக்கு வரும். நடந்ததைத் தேதியோடு சொல்லி நிறுத்திக்கொண்டால் ஆபத்தில்லை.

மாவட்ட நுகர்வோர் ஆணையம்

வேறு வண்டியோ பணமோ வேண்டும் என்றால் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். செலவைப் பாருங்கள். 12 லட்ச ரூபாய் காருக்கு இங்கே கட்டணம் 400 ரூபாய். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, ஆகவே ஸ்கூட்டர்காரருக்கு இலவசம். அதே காருக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் முழு விலையையும் கேட்டு வழக்குப் போட்டால் தமிழ்நாட்டில் கட்டணம் 3 சதவீதம், அதாவது 36,000 ரூபாய். வண்டி விலை 50 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையம். ஷோரூம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் தென்காசியில் குடியிருந்தால் தென்காசியிலேயே போடலாம்; ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு வருடம்.

காலம்தான் இதன் பலவீனம். சோதனை தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்திலும், தேவைப்படுவது ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் வருடக்கணக்கில் இழுக்கும். ஜெயித்தாலும் மேல்முறையீடு இருக்கிறது. ஒரே ஆறுதல், மேல்முறையீடு செய்பவர் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

அடுத்தது ஆதாரம். 2006-ல் மாருதி உத்யோக் வழக்கில், வாரண்டி என்பது கெட்டுப்போன பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் கட்டுப்படுத்தும் என்று சொல்லி, காரையே மாற்றித் தரச் சொன்ன உத்தரவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிறுவனங்கள் தங்கள் பதில் மனுவில் இன்றைக்கும் தவறாமல் காட்டும் தீர்ப்பு இது. இதற்கு எதிராக நம் கையில் இருப்பது ஃபியட் நிறுவனத்தின் மேல் ஒருவர் நடத்திய வழக்கு. வண்டியில் உற்பத்திக் கோளாறு இருப்பதாகத் தனி நிபுணர் சொன்னால், விலையோடு ஆயுட்கால வரியையும் தவணைகளையும் 12 சதவீத வட்டியுடன் திருப்ப வேண்டும் என்று அதில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக, தராசு சாய்வது நிபுணர் அறிக்கையில். அதை நீங்களே கேட்டு மனுப்போட வேண்டும். சோதனைக் கட்டணத்தையும் முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். இதைக் கேட்காமல் வாதத்தை மட்டும் நம்பிப் போனவர்கள் தோற்றிருக்கிறார்கள். எல்லா வழக்குக்கும் நிபுணர் தேவை என்றும் இல்லை. முன்பக்கம் மோதியும் ஏர்பேக் விரியாத ஹூண்டாய் கிரெட்டா வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்று 2022-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், வேறு வண்டியும் 3 லட்சம் இழப்பீடும் தரச் சொன்னதை உறுதி செய்தது.

வழக்குப் போடும்போது டீலர், தயாரிப்பாளர் இருவரையும் சேருங்கள். யார் என்ன செய்தார் என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். கோவாவில் பழைய மாடல் காரைப் புதிது என்று டீலர் விற்ற வழக்கில், தெரியாமல் நடந்ததற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்ற டாடா மோட்டார்ஸின் வாதத்தை 2021-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

டாக்ஸி, ஆட்டோ, லோடு வண்டிக்காரர்கள் "வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்ற பதிலைக் கேட்டிருப்பார்கள். தானே ஓட்டிப் பிழைப்பதற்காக வாங்கியவர் நுகர்வோர்தான், சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பத்து வண்டி வாங்கி ஆள் வைத்து ஓட்டுபவர்தான் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

பேசி முடிப்பது

என் கணக்கில், ஓராண்டுக்குள் வேறு வண்டி ஓட்ட வேண்டும் என்பவருக்கு ஏற்றது இதுதான். ஆனால் வெறுங்கையோடு பேசப் போகக் கூடாது. ஒழுங்கான ஜாப் கார்டுகள், 1915 புகார் எண், 15 நாள் அவகாசம் கொடுத்து டீலருக்கும் தயாரிப்பாளருக்கும் பதிவு அஞ்சலில் நோட்டீஸ், பிறகு ஆணையத்தில் மனு. மனு எண் கிடைத்த பிறகு, அதுவரை போனை எடுக்காத ஏரியா மேனேஜர் தானே கூப்பிடுவது உண்டு. அப்போது வெளியே வைத்துக் காகிதத்தில் முடிக்காமல், ஆணையத்தின் சமரச மையம் வழியாகவே முடியுங்கள். அது உத்தரவாக மாறும். மீறினால் சிறை வரை போகும்.

அதற்கிடையில் தவணையை நிறுத்தாதீர்கள். வங்கிக்கு வண்டியின் கோளாறு ஒரு பொருட்டல்ல, சிபில் மட்டும் கெடும். திருப்பித் தரும் தொகை பற்றிப் பேசும்போது ஷோரூம்காரர் எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்துதான் தொடங்குவார், அதிலும் தேய்மானம் கழிப்பார். 10 முதல் 20 லட்சம் வரையிலான காருக்குத் தமிழ்நாட்டில் ஆயுட்கால வரியே 18 சதவீதம். 12 லட்சம் காருக்கு அது இரண்டு லட்சத்தை ஒட்டி வரும். அது, இன்சூரன்ஸ், கடனை முன்கூட்டி அடைக்கும் கட்டணம், ஆர்.சி. பெயர் மாற்றச் செலவு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் வரி வரியாக எழுதி வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.