தபாலில் வரும் நாட்டுச் செடிகள்: விதையா, கிழங்கா, நாற்றா?

அரிதான நாட்டுச் செடி ஒன்றைத் தபாலில் வரவழைக்கலாம் என்று நர்சரிப் பட்டியலைத் திறந்தால், பெரும்பாலும் நாலு வடிவங்கள் கண்ணில் படும்: விதை, உறங்கும் கிழங்கு, குழித்தட்டு நாற்று (சிறு குழிகள் உள்ள தட்டில் வளர்த்தது), தொட்டியில் வளர்ந்த பெரிய செடி. படத்தில் எடுப்பாக இருப்பது கடைசியில் சொன்னதுதான். என் ஓட்டு அதற்கில்லை.

பெட்டிக்குள் இருட்டும் புழுக்கமும். இலை அதிகமுள்ள செடிதான் அதில் முதலில் துவளும். தொட்டியில் நெடுநாள் கிடந்திருந்தால் வேர் வட்டமாகச் சுருண்டிருக்கும். மர வகையானால் அந்த வேரே பின்னாளில் அடிமரத்தை நெரிக்கலாம். கூடவே வரும் மண்ணில் களை விதையும் வேரைத் தாக்கும் நூற்புழுவும் இலவசம். பல நாடுகள் மண்ணோடு செடியை எல்லைக்குள் விடுவதுமில்லை.

விதை மலிவு. ஒவ்வொரு நாற்றும் மரபில் கொஞ்சம் வேறுபடும் என்பதும் நல்லதுதான்: தன் மகரந்தத்தால் தானே காய்க்காத செடிகளை ஒரே தாயின் பதியன்களாக எத்தனை நட்டாலும் பயனில்லை. ஆனால் விதையில் ஆளுக்கொரு குணம். கொன்றை விதையின் தோல் கெட்டி. ஆண்டுக்கணக்கில் தாங்கும், விதைக்குமுன் உரசிவிட்டால் போதும். நாவல் விதையோ காய்ந்தால் செத்தது. உலர்ந்த நாவல் விதைப் பாக்கெட் வெறும் குப்பை. டிரில்லியம் என்ற குளிர்நாட்டுக் காட்டுப் பூச்செடி விதையிலிருந்து பூக்க ஐந்தாண்டுக்கு மேலும் ஆகும். ஆர்க்கிட் விதை தூசி போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது. துணைப் பூஞ்சையோ ஆய்வுக்கூடத்தில் தயாரித்த சத்துக் கலவையோ இல்லாமல் முளைக்காது. அதை விட்டுவிடுங்கள்.

கிழங்கு பயணத்துக்கென்றே பிறந்தது. செங்காந்தள் கொடி காய்ந்தபின் கிழங்கு உறங்கும். கூரியர் சில நாள் தாமதித்தாலும் கவலையில்லை. ஆனால் முளை இருப்பது நுனியில். நுனி ஒடிந்த துண்டு முளைக்காது என்பதால் பிரித்ததும் அதைத்தான் பார்க்க வேண்டும். கொல்கிசின் நஞ்சு உள்ள செடி, குழந்தைகளுக்கு எட்டக்கூடாது.

கிழங்கில்தான் இன்னொரு கேள்வியும் வருகிறது: எங்கிருந்து வந்தது? காட்டில் தோண்டியதை ஒரு பருவம் தொட்டியில் வைத்துவிட்டு ‘நர்சரியில் வளர்ந்தது’ என்று விற்பவர்கள் உண்டு. மெதுவாக வளரும் செடி, பூக்கும் பருவத்தில், அடிமாட்டு விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படலாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருகிறது; நாடு தாண்டி வாங்கினால் தாள்கள் கேட்பார்கள். ‘விதையிலா, பதியத்திலா, எப்படிப் பெருக்கினீர்கள்?’ என்று எழுதிக் கேளுங்கள். தாவரவியல் பெயரையும் கேளுங்கள். பருவம் முடிந்தது, அடுத்த முறை பாருங்கள் என்று திருப்பி அனுப்பும் நர்சரியை நான் அதிகம் நம்புவேன்.

சரி, கிழங்கில்லாத செடிக்கு? குழித்தட்டு நாற்று. வேர் தேங்காய் நார்க்கழிவைக் கவ்விப் பிடித்திருப்பதால் பெட்டி கவிழ்ந்தாலும் அதிகம் உதிராது, இடம் மாறிய அதிர்ச்சியும் குறைவு. வேர்க்கட்டி சிறியது, சீக்கிரம் காயும் என்பதுதான் குறை. நேரே தரையில் வைக்காமல் சற்றுப் பெரிய தொட்டியில், நிழலில், புதுத்தளிர் விடும்வரை வைத்திருக்கலாம்.

பெரிய செடிக்குக் காசு கொடுக்க எனக்குத் தோன்றும் இடம் ஒன்றுதான்: ஆண், பெண் தனித்தனியாக இருக்கும் இனங்கள். பூக்கும்வரை எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது; காய் வேண்டுமென்றால் ஏற்கெனவே பூத்த செடியையோ அதன் பதியனையோ வாங்குவதுதான் சரி.