கன்னர் சீட்டில் 12 வருஷம்: டி-72 டாங்கியின் 125 மி.மீ. பீரங்கி

பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் காலையில் ஓடிப் பழகும் பையன்கள், நான் பட்டாளத்தில் டாங்கியில் இருந்தவன் என்று தெரிந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணாச்சி, அது எவ்வளவு தூரம் சுடும்?" ஒரே வரியில் பதில் கிடையாது. ஆவடியில் கட்டிய டி-72-இல் 12 வருஷம் கன்னராக, அதாவது பீரங்கியைக் குறிபார்த்துச் சுடுகிறவனாக, உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

என்ன ரவுண்டு போடுகிறோம் என்பதைப் பொறுத்துத் தூரம் மாறும். எதிரி டாங்கிக்கு எஃப்.எஸ். ரவுண்டு: வால் சிறகு வைத்த ஒல்லியான உலோகக் கம்பி. பாரலை விட்டதும் சுற்றியிருக்கும் கவ்வுத் துண்டுகள் பிரிந்து விழ, கம்பி மட்டும் விநாடிக்கு 1,700 மீட்டருக்கு மேல் போகும். திருநெல்வேலி டவுனில் இருந்து ஜங்ஷன் போகிற தூரத்தை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும். அதற்குள் பெரிதாகத் தாழாது என்பதால் இரண்டு கிலோமீட்டர் வரை கன்னருக்கு நிம்மதி. ஹீட் ரவுண்டு விநாடிக்கு 900 மீட்டர்தான், ஆனால் அது வேகத்தை நம்பியதில்லை, வெடிமருந்தின் தாரையால் துளைப்பது. பதுங்குகுழிக்குப் போடும், வெடித்துச் சிதறும் ஹெச்.இ. குண்டு 23 கிலோ. பாரலை முழுக்கத் தூக்கி விட்டால் 9 கிலோமீட்டர் தாண்டும். ஆனால் அந்தத் தூரத்தில் குறிபார்த்து டாங்கியை அடிக்க முடியாது. அது வேறு வேலை.

பழைய விஜயந்தா டாங்கியில் லோடராக இருந்த என் சித்தப்பாவுக்கு டி-72 வண்டியே பிடிக்காது. விஜயந்தாவில் நாலு பேர், 105 மி.மீ. ரவுண்டை ஆள்தான் தூக்கிப் போட வேண்டும். டி-72-இல் லோடர் கிடையாது. மூன்றே பேர். எங்கள் காலடியில் சுழலும் தட்டில் 22 ரவுண்டு. நான் சுவிட்சைத் திருப்பி வகையைச் சொன்னால், பாரல் கொஞ்சம் தலை தூக்கும், முதலில் குண்டு உள்ளே போகும், அடுத்து அதைத் தள்ளும் வெடிமருந்துக் குழாய். சுமார் எட்டு விநாடி. களைத்துப் போகாத லோடர் அது. ஆனாலும் மருந்துக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பு 12 வருஷத்தில் ஒரு நாளும் என்னை விட்டுப் போகவில்லை.

அந்த மருந்துக் குழாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். உறை அட்டை மாதிரி இருக்கும், சுடும்போது சேர்ந்தே எரிந்துவிடும். உலோக அடிப்பாகம் மட்டும் மிஞ்சும், அதை வண்டியே பின்பக்க மூடியைத் திறந்து வெளியே எறிந்துவிடும். ஈரம் பட்டால் அட்டை கெட்டுப் போகும், ஓரம் கிழிந்தாலும் ஆபத்து. ஐப்பசி அடைமழையில் எங்கள் ஆச்சி கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காப்பாற்றுவாள். அதே கவனத்தோடுதான் நான் அதைத் தொட்டிருக்கிறேன்.

சரி, நான் பட்ட அடி. ராஜஸ்தானில் மகாஜன் துப்பாக்கிச் சூட்டுத் திடல். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காடு மாதிரி மணல், ஆனால் நிறம் வெளுப்பு. நண்பகல் நெருங்கியது, கானல் ஆடத் தொடங்கிவிட்டது. தூரம் அளக்கும் லேசரை அழுத்தினேன், 1,100 மீட்டர் என்று காட்டியது. அப்படியே சுட்டேன். 41 டன் வண்டி பின்னால் குலுங்கி அடங்கியது, ரவுண்டு இலக்குக்கு முன்னாலேயே மணலைக் கிளப்பியது. நடுவில் நின்ற முள்மரத்தில் பட்டுத் திரும்பிய தூரத்தை நான் நம்பியிருக்கிறேன். பார்த்தாலே இலக்கு அதைவிடத் தள்ளி நிற்பது தெரியும். அதற்கப்புறம் கண்ணால் ஒரு தூரம் கணக்குப் போடாமல் லேசரை அழுத்தியதே இல்லை.

சுட்டு முடித்த பிறகுதான் நிஜமான வேலை. ஆறு மீட்டர் பாரலுக்குள் பிரஷ் கட்டிய கம்பை ஐந்தாறு பேர் சேர்ந்து தள்ளுவோம், ஆனித் தேருக்கு வடம் பிடிக்கிற மாதிரி குரல் கொடுத்துக்கொண்டு. துணி வெள்ளையாக வரும்வரை விடமாட்டார்கள். உள்ளே சுருள் வரி இல்லாத வழுவழுப்பான குழாய்தான், ஆனாலும் கரி ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு உண்மையான குறை இரவில்தான். பழைய இரவுப் பார்வைக் கருவியில் பகல் தூரத்தில் பாதிகூடத் தெரியாது, அவ்வளவு நல்ல பீரங்கி கண்ணைக் கட்டிக்கொண்டு நிற்கும். பின்னால் சில வண்டிகளுக்கு வெப்பப் படக் கருவி வந்தது. முதல் நாள் கண்ணை வைத்தேன். நிலா இல்லாத இருட்டில், தூரத்து மணல்மேட்டில் ஒரு ஒட்டகம் வெள்ளை வெளேரென்று நடந்து போனது. கால்கள் நாலையும் எண்ண முடிந்தது.